ஒன்பது பேர், நான்கு ஊர், ஒரு யோசனைக் கூட்டம்

கேள்வி இதுதான். சிறு கிளினிக்குகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து தரும் ஒன்பது பேர் கொண்ட குழு. நான்கு பேர் சென்னை அலுவலகத்தில், இரண்டு பேர் கோவையில், ஒருவர் நாகர்கோவிலில் தன் வீட்டில், இரண்டு பேர் டொராண்டோவில். டோக்கன் போட்டுவிட்டு வராமல் போகும் நோயாளிகளால் கிளினிக்குகள் சலித்துப்போயிருக்கின்றன. என்ன செய்யலாம் என்று யோசிக்கக் குழுத் தலைவர் ஒரு மணி நேர வீடியோ அழைப்பு வைக்கிறார். இரண்டு பேர் பேசுகிறார்கள், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கடைசியில் தலைவர் முதலில் சொன்ன யோசனையே நிற்கிறது. "என் குழுவுக்கு யோசனை வராதா, இல்லை எனக்குக் கூட்டம் நடத்தத் தெரியவில்லையா?" என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. வீடியோ அழைப்புக்கு ஒத்துவராத வேலையை அதன் தலையில் கட்டியிருக்கிறீர்கள். யோசனைகள் பிறக்க வேண்டியது அழைப்புக்கு முன்பு, ஒவ்வொருவரும் தனியாக இருக்கும்போது, எழுத்தில். அழைப்பு என்பது அப்படி வந்தவற்றைப் படிக்கவும் முடிச்சுப் போடவும் குறை சொல்லவும் தேர்ந்தெடுக்கவும்தான். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதி கேள்வியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதிலும், நீங்கள் எப்போது வாயைத் திறக்கிறீர்கள் என்பதிலும் இருக்கிறது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மனதில் தோன்றுவதையெல்லாம் கொட்டும் முறையைப் பிரபலப்படுத்தியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன், பிபிடிஓ என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். 1953-இல் வந்த அவருடைய 'அப்ளைட் இமாஜினேஷன்' நூல்தான் பிரெயின்ஸ்டார்மிங்கை உலகெங்கும் அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்த்தது. குறை சொல்லாதே, கட்டுப்பாடில்லாமல் யோசி, எண்ணிக்கையைக் கூட்டு, பிறர் சொன்னதன் மேல் கட்டு என்று நான்கு விதிகள். தனியாக யோசிப்பவரைவிடக் குழுவில் யோசிப்பவருக்கு இரண்டு மடங்கு யோசனை வரும் என்றும் அவர் சொன்னார்.

அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் யேல் பல்கலைக்கழகத்து டொனால்ட் டெய்லரும் அவருடைய சகாக்களும். 1958-இல் வெளியான அந்த ஆய்வில் நான்கு நான்கு பேராகச் சிலரைச் சேர்ந்து யோசிக்கவைத்தார்கள். வேறு சிலரைத் தனித்தனியாக யோசிக்கவைத்து, பிறகு அவர்களில் நால்வருடைய பட்டியல்களை ஒன்றுசேர்த்து எண்ணினார்கள். கொடுத்த கேள்விகளில் ஒன்று வேடிக்கையானது: ஒவ்வொரு கையிலும் இன்னொரு கட்டை விரல் முளைத்தால் என்ன நன்மை, என்ன தொல்லை? முடிவு ஆஸ்போர்ன் சொன்னதற்கு நேர் எதிராக வந்தது. தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியலில், சேர்ந்து உட்கார்ந்த நால்வரின் பட்டியலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனைகள் இருந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் இதே பக்கம்தான் சாய்ந்தன.

காரணம் கூச்சமா, சோம்பலா, வேறு ஏதாவதா? கூச்சத்துக்கும் பங்கு உண்டு, சோம்பலுக்கும் பங்கு உண்டு. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். ஆனால் பெரிய காரணம் வேறொன்று. 1987-இல் மைக்கேல் டீலும் வுல்ஃப்காங் ஷ்ட்ரோபவும் அதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆட்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒவ்வொருவர் முன்னாலும் சிக்னல் விளக்குப் போல ஒன்றை வைத்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்களுக்குச் சிவப்பு எரியும். அவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எதிரில் ஆள் இல்லை, கேலி செய்ய யாரும் இல்லை. இருந்தும் யோசனைகளின் எண்ணிக்கை சரிந்துபோனது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்ற அந்த ஏற்பாடே கழுத்தை நெரித்துவிட்டது. காத்திருக்கும் நேரத்தில், தோன்றியது மறந்துபோகிறது. மறக்காமல் பிடித்துவைத்தால் புதிதாக ஒன்று தோன்றுவதில்லை. இரண்டும் இல்லாவிட்டால், 'இதைப் போய்ச் சொல்வதா' என்று நமக்கு நாமே கத்தரி போட்டுவிடுகிறோம்.

இப்போது உங்கள் வீடியோ அழைப்பை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒன்பது பேருக்கு நடுவே ஒரே ஒரு பச்சை விளக்குதான், அதுவும் தாமதமாக எரிகிறது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி மிகச் சிறியது. 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, அது சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது என்று காட்டியது. இணையத்தில் குரல் போய்ச் சேரும் தாமதமே இதைக் குலைத்துவிடப் போதும். அதனால்தான் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கி, இருவரும் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கள்", "இல்லை இல்லை, நீங்கள் முதலில்" என்று மரியாதை பரிமாறிக்கொள்கிறார்கள். இது இரண்டு முறை நடந்தால் நாகர்கோவில்காரர் மைக்கை அணைத்துவிடுவார். அவருக்கு யோசனை இல்லாமல் இல்லை, இடம் கிடைக்காமல் போனது.

2022-இல் 'நேச்சர்' இதழில் மெலனி ப்ரக்ஸ், ஜொனதன் லெவாவ் இருவரும் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஆய்வுக்கூடத்தில் 602 பேரை இருவர் இருவராகப் பிரித்து, பாதிப் பேரை ஒரே அறையிலும் மீதிப் பேரை வீடியோவிலும் யோசிக்கவைத்தார்கள். வீசி விளையாடும் ஃபிரிஸ்பீ தட்டை, அல்லது பொருட்களைச் சுற்றிக்கட்டும் குமிழ் உறையை, வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஐந்து நிமிடம் யோசிக்க வேண்டும்; பிறகு ஒரு நிமிடத்தில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடியோ ஜோடிகளுக்குக் குறைவான யோசனைகளே வந்தன. ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொறியாளர்களை வைத்து ஐரோப்பா, மேற்கு ஆசியா, தெற்கு ஆசியா என ஐந்து நாடுகளில் செய்து பார்த்தபோதும் அதே கதைதான். பார்வை எங்கே போகிறது என்பதையும் அளந்தார்கள். வீடியோவில் இருப்பவர்கள் எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டுவதில்லை. கண் ஒரே இடத்தில் நிலைத்தால் யோசனையும் அகலாமல் ஒரே தடத்தில் ஓடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஆனால் இந்த ஆய்வைக் காட்டி 'எல்லோரும் அலுவலகத்துக்கு வாருங்கள்' என்று சொல்பவர்கள் அதன் மறுபாதியை விழுங்கிவிடுகிறார்கள். வந்த யோசனைகளில் எது சிறந்தது என்று தேர்ந்தெடுப்பதில் வீடியோ ஜோடிகள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. வீடியோ தேர்வுக்கு உதவும், விளைச்சலுக்கு உதவாது. தொலைவில் இருக்கும் குழுவை வைத்து வேலை வாங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடையாது.

தொலைவில் இருப்பதற்கே உரிய ஓர் அனுகூலமும் உண்டு: எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம். அங்கே சிவப்பு விளக்கு இல்லை. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அரிசோனா பல்கலைக்கழகத்தில் கணினி வழியே எழுதி யோசிக்கும் முறையைச் சோதித்தவர்கள், குழு பெரிதாகப் பெரிதாக, வாயால் பேசி யோசிப்பவர்களைவிட எழுதி யோசிப்பவர்கள் மேலும் மேலும் முந்துவதைக் கண்டார்கள். ஒன்பது பேர் பேசுவதற்கு அதிகம், எழுதுவதற்கு அதிகம் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? கேள்வியிலிருந்து. இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும், ஆனால் பெரும்பாலோர் ஐந்து நிமிடம்கூடத் தருவதில்லை. அழைப்பிதழில் 'நோயாளி வருகையை மேம்படுத்துவது குறித்து ஆலோசனை' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்தவுடன் எவருக்கும் 'நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்பலாம்' என்பதைத் தாண்டி எதுவும் தோன்றாது. அந்த வரியில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'நாளை வரப்போவதில்லை என்பது நோயாளிக்குத் தெரிந்த அந்த நிமிடத்தில், அது கிளினிக் வரவேற்பில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். அதற்கு என்னென்ன வழிகள்?' இதில் ஆள் இருக்கிறார், நேரம் இருக்கிறது, நடக்கவேண்டியது இருக்கிறது. விடை மட்டும் இல்லை. 'வாட்ஸ்அப் மூலம் நினைவூட்டுவதை எப்படிச் செய்வது' என்று கேட்டால் விடையைக் கேள்விக்குள் ஒளித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்படிக் கேட்பதானால் கூட்டமே வேண்டாம், வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

கேள்வியோடு அரைப் பக்கத்துக்குத் தகவல் போக வேண்டும். வராமல்போகும் நோயாளிகள் எந்த நேர டோக்கன்களில் அதிகம், இதுவரை என்ன செய்து பார்த்தோம், அது ஏன் எடுபடவில்லை, எதைத் தொடக்கூடாது என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். முன்பணம் வாங்க எந்த கிளினிக்கும் சம்மதிக்காது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமானால் அதை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நான்கு பேர் முன்பணத்தைச் சொல்லி, நீங்கள் நான்கு முறை மறுத்து, அதோடு எல்லோர் உற்சாகமும் வடிந்துவிடும். கடைசி முடிவு யாருடையது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அது நீங்களாக இருந்தாலும் பரவாயில்லை. வாக்கெடுப்பு நடத்திவிட்டு உங்கள் இஷ்டப்படி செய்வதுதான் கசப்பை விதைக்கும்.

கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்பதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கிளினிக்கிலிருந்து வரும் புகார் அழைப்புகளை எடுப்பவர் யாரோ, அவர் கட்டாயம் இருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் குழுவிலேயே இளையவராக இருப்பார், அழைப்பில் வாயே திறக்க மாட்டார். ஆனால் கிளினிக் வாசலில் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இப்போது எழுதும் கட்டம். கேள்வியைத் திங்கட்கிழமை அனுப்பினால் புதன்கிழமை மாலைக்குள் ஒவ்வொருவரும் குறைந்தது எட்டு யோசனை எழுதித் தர வேண்டும் என்று வையுங்கள். எட்டு என்பது வேதவாக்கு இல்லை. முதல் மூன்று நான்கு எல்லோருக்கும் தோன்றுவதுதான், அதைத் தாண்டினால்தான் ஆளுக்கு ஆள் வேறுபடத் தொடங்கும் என்பதால் அந்தக் கணக்கு. ஒரு யோசனைக்கு ஒன்றிரண்டு வரி போதும். கெடு முடியும்வரை ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படக்கூடாது. கண்ணில் பட்டால் முதலில் எழுதியவர் போட்ட தடத்திலேயே எல்லோரும் ஓடுவார்கள். ஒரு கூகுள் ஃபார்ம் இதற்குப் போதும். திரையில் ஒட்டுத்தாள் ஒட்டவிடும் மிரோ, ஃபிக்ஜாம் போன்ற இணையப் பலகைகள் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் கைபேசியில் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நாகர்கோவிலில் மின்சாரம் போய், கைபேசி இணையத்தை நம்பி உட்கார்ந்திருப்பவரிடம் போய் வண்ண வண்ண ஒட்டுத்தாள்களை இழுத்து ஒட்டச் சொல்வது நியாயமில்லை. எந்தக் கருவியானாலும் முடிவில் எல்லாவற்றையும் ஒரு சாதாரணக் கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியொரு பலகையான கூகுள் ஜேம்போர்டு 2024 கடைசியில் மூடப்பட்டது நினைவிருக்கலாம்.

டொராண்டோக்காரர்களுக்கும் இந்த ஏற்பாடுதான் நல்லது. அவர்கள் கோடைக்காலத்தில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். சென்னையில் மாலை ஆறரைக்கு அழைப்பு வைத்தால் அவர்களுக்குக் கோடையில் காலை ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. வேலை நேரத்தை ஒட்டி இரு தரப்புக்கும் பொதுவாகக் கிடைப்பது ஏறக்குறைய அந்தச் சிறு இடைவெளிதான். நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒருவரையும் அப்போதுதான் காபியைக் கையில் எடுத்த ஒருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் புதிதாக யோசி என்பது சரிவராது. ஆளுக்கு எட்டு வரி எழுத அவரவருக்குத் தோதான நேரம் கிடைக்கும்.

மொழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். உங்கள் அழைப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன என்று ஊகிக்கிறேன். தமிழில் யோசித்து, மனதுக்குள் ஆங்கில வாக்கியம் கட்டி, இலக்கணம் சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். உங்கள் குழுவில் பேசாமல் இருப்பவர்களில் ஓரிருவருடைய சிக்கல் இதுவாகத்தான் இருக்கும். எழுதும்போது தமிழிலும் எழுதலாம், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் சரி, கைபேசியில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினாலும் சரி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர் குழுவில் இருந்தால், தொகுப்பவர் அடியில் ஒரு வரி ஆங்கிலத்தில் சேர்த்துவிட்டால் போயிற்று.

பெயர் இல்லாமல் எழுதவைப்பதா, பெயரோடா? முதல் சில முறை பெயர் வேண்டாம். ஒரு யோசனையைப் படிக்கும்போது 'இது சார் எழுதியது' என்றோ 'இது நேற்று சேர்ந்த பையன் எழுதியது' என்றோ தெரிந்துவிட்டால் அந்த வரியை யாரும் அந்த வரிக்காகப் படிக்க மாட்டார்கள். தேர்வு முடிந்த பிறகு, விரும்புபவர்கள் தங்கள் யோசனைக்கு உரிமை கொண்டாடட்டும். பாராட்டு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேரவும் வேண்டுமல்லவா?

இப்படிச் செய்தால் என்ன மாதிரி வரிகள் வரும் என்பதற்கு மூன்றை மட்டும் கற்பனையாக எழுதிக் காட்டுகிறேன். ஒன்று: 'முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு ஒரு செய்தி, அதில் இரண்டே பொத்தான். வருகிறேன், வரவில்லை.' எதிர்பார்த்ததுதான். இரண்டு: 'டோக்கன் போடுபவர் ஒருவர், வரவேண்டியவர் வேறொருவர். அப்பாவுக்காக மகன் தன் எண்ணிலிருந்து பதிவு செய்கிறார். நினைவூட்டல் பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போகிறது, அப்பா ஊரில் மறந்துவிடுகிறார்.' மூன்று: 'எட்டு மணி டோக்கனுக்கு டாக்டர் பத்து மணிக்கு வந்தால், அடுத்த முறை நோயாளி எதற்கு வர வேண்டும்?' இரண்டாவதைப் புகார் அழைப்புகளை எடுப்பவர்தான் எழுத முடியும். மூன்றாவதை வாடிக்கையாளரை வைத்துப் பிழைக்கும் ஒரு நிறுவனத்தின் அழைப்பில், மேலாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிரச்சினையின் வேர் அங்கே இருக்கவும் கூடும்.

எட்டு எழுத ஆள் திணறினால் 1968-இல் ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் வகுத்த 6-3-5 முறையைப் பயன்படுத்தலாம். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு இன்னும் மூன்று சேர்ப்பார். ஆறு சுற்றில், அரை மணி நேரத்தில், தாள்களில் 108 யோசனைகள். தாளுக்குப் பதில் ஒரு விரிதாளில் ஆளுக்கு ஒரு பக்கம் திறந்துகொண்டால் இது இணையத்தில் நேரில் செய்வதைவிடச் சுலபம், அடுத்தவர் கையெழுத்தோடு போராட வேண்டாம். ஒன்பது பேர் என்றால் ஐந்தும் நான்குமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அழைப்புக்கு முன்னதாக ஒரு வேலை இருக்கிறது: வந்த எழுபது எண்பது வரிகளில் ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்து அடுக்குவது. இதை இரண்டு பேர் அரை மணி நேரம் உட்கார்ந்து செய்துவிட வேண்டும். ஒன்பது பேரும் அழைப்பில் இருந்துகொண்டு, ஒன்பது சுட்டிகள் திரையில் ஈக்களாய் மொய்க்க, எந்த ஒட்டுத்தாள் எந்தக் குவியலுக்கு என்று விவாதிப்பதைப் போல நேரத்தைத் தின்னும் வேலை வேறில்லை. அடுக்கும்போது எந்த வரியையும் தூக்கி எறியக் கூடாது. எதிலும் ஒட்டாமல் தனியே நிற்பவற்றை அப்படியே தனியே விடுங்கள். பல நேரங்களில் நல்லது அங்கேதான் கிடக்கும்.

இனி அழைப்பு. முதல் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, பட்டியலைப் படிக்க வேண்டும். விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அமேசானில் ஜெஃப் பெஸோஸ் 2004-இல் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் மௌனமாக ஆறு பக்கக் குறிப்பைப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார், அது நிலைத்துவிட்டது. முன்பே படித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள், படித்ததாகப் பாவனை செய்வார்கள். படிக்கும் நேரத்தையும் கூட்டத்துக்குள் வைத்துவிட்டால் அந்தப் பாவனை தேவையில்லை. 'இன்றைய உங்கள் மனநிலையை ஒரு விலங்காகச் சொல்லுங்கள்' வகைத் தொடக்க விளையாட்டுகளை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பது வயது பொறியாளர் தன்னை ஆமை என்று சொல்லிக்கொள்வதால் யாருக்கும் எதுவும் கூடிவரப் போவதில்லை.

படித்து முடித்ததும் மூன்று மூன்று பேராக, அழைப்புக்குள்ளேயே, தனி அறைகளுக்கு அனுப்புங்கள். ஜூம் உள்ளிட்ட பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. மூன்று பேர் இருக்கும் அறையில் ஒளிந்துகொள்ள முடியாது, முண்டியடிக்கவும் வேண்டாம். பன்னிரண்டு பதினைந்து நிமிடம் கொடுத்து ஒரே வேலை சொல்லுங்கள்: பட்டியலிலிருந்து ஏதாவது இரண்டை எடுத்து, சேர்த்து, ஒன்றாக்கிக் கொண்டுவாருங்கள். மேலே காட்டிய முதலிரண்டு வரிகளைச் சேர்த்தால், 'பதிவு செய்யும்போதே இது யாருக்காக என்று கேட்டு, நோயாளியின் எண்ணையும் வாங்கி, இருவருக்கும் அந்த இரண்டு பொத்தான் செய்தியை அனுப்புவது' என்று ஒன்று கிடைக்கிறது. இரண்டும் தனித்தனியாக இருந்தபோது இல்லாத உயிர் அதில் இருக்கிறது. அறைகளைப் பிரிக்கும்போது சென்னைக்காரர்களை ஒரே அறையில் போடாதீர்கள்.

அதோடு தொடர்புடையது: சென்னையில் இருக்கும் நால்வரும் ஒரு கூட்ட அறையில் பெரிய திரை முன் உட்கார்ந்துகொண்டு, மற்ற ஐவர் தனித்தனிக் கட்டங்களில் தெரிவது இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. அறைக்குள் ஒருவர் முணுமுணுப்பார், மூவர் சிரிப்பார்கள், கோவையில் இருப்பவர் என்ன நகைச்சுவை என்று தெரியாமல் விழிப்பார். ஒருவர் தொலைவில் இருந்தாலும் எல்லோரும் தொலைவில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களும் அவரவர் மேசையில், அவரவர் மடிக்கணினியில், ஹெட்போனோடு.

குறை சொல்லக்கூடாது என்ற ஆஸ்போர்னின் விதியை நான் அழைப்புக்கு முந்தைய கட்டத்தோடு நிறுத்திக்கொள்வேன். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்லன் நெமெத்தும் சகாக்களும் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் குழுக்களைக் கூட்டி, நகரப் போக்குவரத்து நெரிசலைக் குறைப்பது பற்றி யோசிக்கச் சொன்னார்கள். சிலருக்குக் குறை சொல்லாதீர்கள் என்று விதித்தார்கள். சிலரை, தாராளமாக விவாதியுங்கள், விமர்சியுங்கள் என்று ஊக்கினார்கள். விவாதித்தவர்களே கூடுதலாக யோசனை சொன்னார்கள். நம் அலுவலகங்களில் முகத்துக்கு நேரே மறுப்பது பண்பில்லை என்ற எண்ணம் வேறு இருக்கிறது. கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, முடிந்ததும் தனி வாட்ஸ்அப் குழுவில் கிழிப்பார்கள். அந்தக் கிழிப்பைக் கூட்டத்துக்குள்ளேயே கொண்டுவருவதுதான் சாமர்த்தியம். 'இது ஏன் நடக்காது?' என்று ஒவ்வொரு யோசனைக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கி, எல்லோரும் எழுதியாக வேண்டும் என்று வைத்துவிட்டால், மறுப்பது ஒருவருடைய துடுக்குத்தனமாக இல்லாமல் எல்லோருடைய கடமையாகிவிடுகிறது. யோசனைக்குப் பெயரும் இல்லை என்பதால் யாருக்கும் முகம் சுண்டாது.

தேர்வும் எழுத்தில், ஒரே நேரத்தில். ஆளுக்கு மூன்று வாக்கு. இரண்டு 'இந்த மாதமே செய்யலாம்' என்பதற்கு, ஒன்று 'கொஞ்சம் பைத்தியக்காரத்தனம், ஆனால் செய்து பார்க்கலாம்' என்பதற்கு. இந்த மூன்றாவது வாக்கு இல்லாவிட்டால் எல்லோரும் பத்திரமானதற்கே போடுவார்கள், கடைசியில் அந்த நினைவூட்டல் எஸ்எம்எஸ்தான் வெல்லும்.

இனி உங்களைப் பற்றி. கூட்டத்தை நீங்கள் நடத்தாதீர்கள். நேரம் பார்ப்பது, அறை பிரிப்பது, கேள்வியை நினைவூட்டுவது எல்லாம் வேறொருவர் செய்யட்டும்; அடுத்த முறை இன்னொருவர். உங்கள் யோசனைகளையும் பெயரில்லாப் பட்டியலில் சேர்த்துவிட்டுக் கடைசியில் பேசுங்கள். 'நல்ல யோசனை' என்று நடுவில் பாராட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு யோசனைக்கு நீங்கள் முகம் மலர்ந்தால், மற்ற எட்டுப் பேரும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். திடீரென்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'நீங்கள் எதுவும் சொல்லவில்லையே?' என்று கேட்பது பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கவைப்பதற்குச் சமம். எல்லோரும் பேச வேண்டுமென்றால் வரிசையை முன்பே சாட்டில் போட்டுவிடுங்கள், இளையவர் முதலில், நீங்கள் கடைசியில். கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம். மௌனம் விழுந்தால் அதை உடனே நிரப்பவும் வேண்டாம்; மைக்கைத் திறக்கவே ஒருவருக்குச் சில விநாடி வேண்டும்.

அழைப்பு முடிந்த அன்றே ஒரு பக்கக் குறிப்பு போக வேண்டும். தேர்வான யோசனை எது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எந்த இரண்டு கிளினிக்குகளில் முதலில் பார்க்கப்போகிறோம், என்ன நடந்தால் கைவிடுவோம் என்று அதில் இருக்கட்டும். தேர்வாகாதவற்றுக்கும் ஒவ்வொரு வரி காரணம் எழுதுங்கள். இது சலிப்பான வேலைதான். ஆனால் தான் எழுதிய எட்டும் எங்கே போயின என்று தெரியாத ஆள் அடுத்த முறை மூன்று எழுதுவார், அதற்கடுத்த முறை யாரோ எழுதியதை நகல் எடுத்து ஒட்டுவார். டாக்டர் தாமதமாக வருகிறார் என்ற அந்த மூன்றாவது வரியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாமல் போகலாம். மென்பொருளால் டாக்டரை எழுப்பி அனுப்ப முடியாது. ஆனாலும், 'இது உண்மை, இதைக் கிளினிக்குகளிடம் எண்களோடு எடுத்துச்செல்லப் போகிறேன்' என்று அதற்கு எதிரே நீங்கள் எழுதினால், எழுதியவர் அதைப் பார்ப்பார்.

சில இடங்களில் இதெல்லாம் தேவையே இல்லை. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதென்றால் அறிவித்துவிடுங்கள், ஆலோசனை நாடகம் வேண்டாம். பத்து கிளினிக்குகளுக்குப் போன் செய்தால் விடை தெரிந்துவிடும் என்றால் போன் செய்யுங்கள். குழுவுக்குள் இருவருக்கு ஆகவில்லை என்றால் அதைப் பட்டியல் போட்டுத் தீர்க்க முடியாது, தனியே பேச வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒன்பது பேரையும் ஓரிடத்தில் கூட்டப் பணம் கிடைத்தால், அந்த நாட்களை யோசனைக் கூட்டத்தில் செலவழிக்காமல் ஒன்றாகச் சாப்பிடவும் இரண்டு கிளினிக்குகளின் வரவேற்பில் போய் உட்கார்ந்து பார்க்கவும் செலவழியுங்கள்.

முதல் முறையே இந்தப் பெரிய பிரச்சினையை எடுக்காதீர்கள். மௌனமாகப் படிப்பதும் பெயரில்லாமல் எழுதுவதும் குழுவுக்குப் புதிது. கொஞ்சம் தடுமாறுவார்கள், சிலர் கெடுவைத் தவறவிடுவார்கள், யாராவது ஒருவர் அறை மாறிப் போவார். அதனால் சிறியதாக, தோற்றாலும் நஷ்டமில்லாத ஒன்றை எடுங்கள். வரவேற்பில் இருப்பவர் புதிய நோயாளியைப் பதிவு செய்ய இப்போது எத்தனை திரைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது, அதில் இரண்டைக் குறைக்க என்ன வழி என்று கேட்டுப் பாருங்கள். அதில் வந்த ஒன்றை ஒரு வாரத்துக்குள் செய்து காட்டிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை டோக்கன் கேள்வியை அனுப்புங்கள்.